தலையில் அடிபட்டால் உள்ளே என்ன நடக்கிறது?

யாராவது தலையில் அடிபட்டு விழுந்தால் சுற்றி நிற்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மயக்கம் போட்டானா? வாந்தி எடுத்தானா? காதிலோ மூக்கிலோ ரத்தம் வந்ததா? மூன்றுக்கும் "இல்லை" என்று பதில் வந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. நெற்றியில் புடைத்திருந்தால் இன்னும் தைரியம்: "வீக்கம் வெளியே வந்துவிட்டது, இனி உள்ளே ஒன்றும் இருக்காது."

அந்த மூன்று கேள்விகளும் கேட்க வேண்டியவைதான். ஆனால் அடிபட்ட ஐந்து நிமிடத்துக்குள் ஒரு தடவை கேட்டுவிட்டு, அதோடு விட்டுவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. தலைக்காயத்தில் முக்கியமான பதில்கள் பல மணி நேரம் கழித்து வரலாம். சிலருக்கு வாரக்கணக்கில் கூட ஆகலாம். புடைப்பு விஷயத்தைப் பொறுத்தவரை, அது தோலுக்கும் மண்டை ஓட்டுக்கும் நடுவில் உண்டாகும் வீக்கம். ஓட்டுக்கு உள்ளே என்ன நிலைமை என்பதைப் பற்றி அது எந்த உத்தரவாதமும் தருவதில்லை. தலைத்தோலில் ரத்தக்குழாய்கள் அதிகம் என்பதால் சின்ன வெட்டுக்கே சட்டை நனையும் அளவுக்கு ரத்தம் கொட்டும்; உள்ளே ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். ஒரு சொட்டு ரத்தம் கூட வராமல் உயிருக்கு ஆபத்தான ஊமைக்காயம் பட்டிருக்கவும் கூடும்.

ஆகவே வெளியே தெரிவதை வைத்து உள்ளே நடப்பதை எடைபோட முடியாது. அடிபட்டவர் நேரம் போகப்போக எப்படி மாறுகிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஏன் அப்படி என்று புரிந்துகொள்ள, மண்டைக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம்.

## ஓடு நின்றுவிடும், மூளை நிற்காது

பெரியவர் ஒருவரின் மூளை சுமார் 1.3 முதல் 1.4 கிலோ எடை இருக்கும். உயிருள்ள மூளை மிகவும் மென்மையானது, கொழகொழப்பானது. அது மண்டை ஓட்டோடு ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. மெல்லிய உறைகள் அதைச் சுற்றியிருக்கின்றன. அந்த உறைகளுக்கு இடையே மூளைத் தண்டுவடத் திரவம் என்ற தெளிந்த நீர் ஓடுகிறது. அந்த நீரில் மூளை மிதக்கிறது என்றே சொல்லலாம். நடக்கும்போதும் குதிக்கும்போதும் ஏற்படும் சின்னச் சின்ன அதிர்வுகளை அது தாங்கிக்கொள்ளும். பலத்த அடியைத் தாங்கும் அளவுக்கு அந்த ஏற்பாடு போதாது.

ஓடும் பேருந்தில் நின்றபடி போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் சட்டென்று பிரேக் போடுகிறார். பேருந்து நின்றுவிடுகிறது, உங்கள் உடம்பு நிற்காமல் முன்னால் போகிறது. முன் சீட்டின் கம்பியில் மோதி, அப்புறம் அதே வேகத்தில் பின்னால் சாய்கிறீர்கள். தலை தரையில் மோதும்போதும் நடப்பது இதுதான். மண்டை ஓடு சட்டென்று நிற்கிறது; உள்ளே இருக்கும் மூளை இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. அது ஓட்டின் உள்சுவரில் மோதுகிறது. பல சமயம் அடிபட்ட பக்கத்தில் மட்டுமல்லாமல் நேர் எதிர்ப்பக்கத்திலும் கன்றிப்போகிறது. பிடரி தரையில் மோத விழுந்தவருக்கு முன்மூளையில் காயம் இருப்பதை மருத்துவர்கள் ஸ்கேனில் அடிக்கடி பார்க்கிறார்கள். மண்டை ஓட்டின் உள்தளம் நெற்றிக்கும் பொட்டுக்கும் பின்னால் கரடுமுரடாக, மேடும் பள்ளமுமாக இருப்பதும் இதற்கு ஒரு காரணம்.

அடி நேராகத் தலையில் படவேண்டும் என்ற அவசியமும் இல்லை. வாகனம் மோதும்போது தலை எதிலும் இடிக்காமல் வெறுமனே முன்னும் பின்னும் வீசப்பட்டாலும் மூளை உள்ளே ஆடிவிடும். கைக்குழந்தையைப் பிடித்துக் குலுக்குவது இவ்வளவு ஆபத்தாக இருப்பது இதனால்தான். குழந்தையின் தலை உடம்போடு ஒப்பிட்டால் பெரியது, கழுத்துத் தசைகளுக்கோ இன்னும் பலம் வரவில்லை. அழுகையை நிறுத்தக் கோபத்தில் சில விநாடி வேகமாகக் குலுக்கினாலே மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு, பார்வையோ உயிரோ போய்விடக் கூடும். அழுகை தாங்க முடியாமல் போனால் குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் படுக்க வைத்துவிட்டுச் சில நிமிடம் அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது.

## திருப்பம்தான் மோசம்

பேருந்து நேராக நிற்பதைவிட வேகமாக வளைவில் திரும்பும்போதுதான் நின்றுகொண்டிருப்பவர்கள் அதிகம் தடுமாறுவார்கள். மேல் கம்பியைப் பிடித்திருக்கும் கை முறுக்கி இழுபடும். தலை சுழலும்போது மூளைக்கும் இந்த நிலைதான். அதன் மேல்பகுதியும் ஆழத்தில் இருக்கும் பகுதியும் வேறு வேறு வேகத்தில் திரும்புகின்றன. இரண்டையும் இணைக்கும் நரம்பிழைகள், அதாவது ஒரு நரம்பு செல்லில் இருந்து செய்தியை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகும் மெல்லிய நார்கள், இழுபடுகின்றன. குத்துச்சண்டையில் தாடையின் பக்கவாட்டில் விழும் குத்து ஆளைச் சாய்த்துவிடுவது இதனால்தான். மண்டை ஓட்டில் அடியே படுவதில்லை, தலை மட்டும் வெடுக்கென்று திரும்புகிறது.

இழுபாடு மிதமாக இருந்தால் வருவது மூளை அதிர்ச்சி. கிரிக்கெட் வர்ணனையில் 'கன்கஷன்' என்று கேட்டிருப்பீர்கள், அது இதுதான். இதில் நரம்பிழைகள் பெரும்பாலும் அறுந்துபோவதில்லை, ஆனால் அவற்றின் வேலை குழம்பிவிடுகிறது. செல்லுக்கு உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே கசிகிறது, வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே நுழைகிறது. எல்லாவற்றையும் பழைய இடத்துக்குத் தள்ள செல்லுக்கு ஏகப்பட்ட ஆற்றல் தேவைப்படுகிறது. அதே நேரத்தில் மூளைக்கு வரும் ரத்த ஓட்டமோ குறைந்துபோயிருக்கும். தேவை அதிகம், வரத்து குறைவு என்ற இந்த நெருக்கடி தீரச் சில நாட்கள், சிலருக்குச் சில வாரங்கள் ஆகும்.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாமை, யோசனை மந்தமாவது, கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பது, அடிபட்டதற்குச் சற்று முன்னும் பின்னும் நடந்தது நினைவில் இல்லாமல் போவது, காரணமில்லாத எரிச்சல், தூக்கம் கெடுவது ஆகியவை இதன் அறிகுறிகள். எல்லாம் ஒருவருக்கே வர வேண்டும் என்பதில்லை. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: மூளை அதிர்ச்சி அடைந்தவர்களில் பெரும்பாலானோர் நினைவிழப்பதே இல்லை. "மயக்கம் போடவில்லை, அதனால் ஒன்றுமில்லை" என்ற பேச்சை இனியாவது விட்டுவிடலாம்.

இழுபாடு மிகக் கடுமையாக இருந்தால், வேகமாகப் போன வாகனம் மோதும்போது நேர்வது போல, நரம்பிழைகள் மூளை முழுக்கச் சிதைந்துபோகும். அப்படிப்பட்டவர் விழுந்த கணத்திலேயே ஆழ்ந்த மயக்கத்துக்குப் போய்விடுவார். அதை யாரும் கவனிக்காமல் விட்டுவிட முடியாது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: மூளை ஓட்டுக்குள் நகரக்கூடியது. மோதினால் கன்றும், சுழன்றால் அதன் நார்கள் இழுபடும். இரண்டுமே அடிபட்ட நொடியில் நடந்து முடிந்துவிடுகின்றன. அடுத்துப் பார்க்கப்போவது அந்த நொடியில் தொடங்கி மெல்ல வளரும் காயம். கவனித்தால் பல உயிர்களைக் காப்பாற்றக் கூடிய கட்டம் அதுதான்.

## மெல்ல வளரும் ரத்தக்கட்டு

நெற்றிப்பொட்டுப் பகுதியில் மண்டை எலும்பு மெலிதாக இருக்கும். அந்த எலும்பின் உள்பக்கத்தை ஒட்டியே ஒரு தமனி, அதாவது இதயத்திலிருந்து அழுத்தத்தோடு ரத்தம் கொண்டுவரும் குழாய், ஓடுகிறது. அங்கே எலும்பில் விரிசல் விட்டால் அந்தத் தமனியும் கிழியலாம். கசியும் ரத்தம் எலும்புக்கும் மூளையின் வெளியுறைக்கும் நடுவில் தேங்கிக் கட்டியாகும்.

மண்டை ஓடு ஒரு மூடிய பெட்டி. உள்ளே மூளை, ரத்தம், திரவம் ஆகிய மூன்றுக்கு மட்டுமே இடம். கதவைப் பூட்டிய, ஆட்கள் நிறைந்த பேருந்துக்குள் இன்னும் ஆள் ஏறுவதைப் போலத்தான் இது. முதலில் எல்லோரும் கொஞ்சம் நெருங்கி நின்று சமாளிப்பார்கள். மண்டைக்குள்ளும் முதலில் கொஞ்சம் திரவமும் சிரை ரத்தமும் வெளியேறி இடம் விட்டுக்கொடுக்கும். அந்த நேரத்தில் அடிபட்டவர் எழுந்து நடப்பார், பேசுவார், "எனக்கு ஒன்றும் இல்லை" என்பார். விட்டுக்கொடுக்க இனி இடமில்லை என்ற நிலை வந்ததும் அழுத்தம் மளமளவென்று ஏறும். மூளை கீழ்நோக்கித் தள்ளப்பட்டு, மூச்சையும் இதயத் துடிப்பையும் நடத்தும் மூளைத்தண்டு நசுங்கும். இடையில் வரும் இந்தத் 'தெளிந்த நேரம்' சில நிமிடமாகவும் இருக்கலாம், பல மணி நேரமாகவும் இருக்கலாம்.

நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச் 16 அன்று கனடாவில் பனிச்சறுக்குப் பாடம் கற்கும்போது, ஆரம்பநிலை மாணவர்களுக்கான சரிவில் விழுந்தார். ஹெல்மெட் அணிந்திருக்கவில்லை. வெளிக்காயம் எதுவும் தெரியவில்லை. சாதாரணமாகப் பேசினார், மருத்துவ உதவி வேண்டாம் என்று சொல்லிவிட்டு அறைக்குத் திரும்பினார். அதற்குப் பிறகுதான் கடும் தலைவலி வந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மார்ச் 18 அன்று இறந்துபோனார். நான் மேலே சொன்ன அதே வகை ரத்தக்கட்டுதான் காரணம் என்று பிரேதப் பரிசோதனை காட்டியது. இந்த வகைக் காயத்தைச் சரியான நேரத்தில் கண்டுபிடித்து ரத்தக்கட்டை அகற்றினால் பெரும்பாலானவர்கள் நன்றாகத் தேறிவிடுகிறார்கள் என்பதால்தான் இப்படிப்பட்ட மரணம் இத்தனை வேதனையாக இருக்கிறது.

இன்னொரு வகை மூளை உறைக்குக் கீழே கசிவது. இதில் கிழிவது பெரும்பாலும் சிரைகள், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள். பலத்த விபத்தில் இது உடனடியாகவே உயிருக்கு உலை வைக்கும். வயதானவர்களிடம் இது வேறு முகம் காட்டும். வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்குவதால் மூளைக்கும் உறைக்கும் இடையே பாலம்போல ஓடும் சிரைகள் விறைப்பாக இழுபட்டு நிற்கும். கதவு நிலையில் லேசாக இடித்துக்கொண்டாலே கசியலாம். கசிவு மெதுவாக இருப்பதால் இரண்டு, மூன்று வாரம் கழித்து நடை தடுமாறும், பேச்சு குழறும், மறதி கூடும், ஒரு பக்கக் கை கால் பலமிழக்கும். வீட்டில் உள்ளவர்கள் "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள். அது வயதின் கோளாறு ஆகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சின்ன அறுவைச் சிகிச்சையில் சரியாகக் கூடிய ரத்தக்கட்டாகவும் இருக்கலாம்.

சுருக்கமாக: தமனிக் கசிவு மணிக்கணக்கில் வளரும், முதியவர்களின் சிரைக் கசிவு வாரக்கணக்கில் வளரும். இரண்டிலும் ஆரம்பத்தில் ஆள் நன்றாக இருப்பது போலவே தெரியும்.

## எப்போது தாமதிக்கக் கூடாது

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆம்புலன்ஸ், உடனே மருத்துவமனை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

- கொஞ்ச நேரமாவது நினைவு தப்பியிருந்தால், அல்லது வலிப்பு வந்தால்
- தலைவலி குறையாமல் ஏறிக்கொண்டே போனால்
- ஒரு தடவைக்கு மேல் வாந்தி எடுத்தால்
- தூக்கக் கலக்கம் கூடிக்கொண்டே போனால், தட்டி எழுப்பினாலும் சரியாக விழிக்காவிட்டால்
- இடம், நாள், ஆள் அடையாளம் தெரியாமல் குழம்பினால், வழக்கத்துக்கு மாறாக முரண்டு பிடித்தால்
- பேச்சு குழறினால், ஒரு பக்கக் கை கால் மரத்தோ பலமிழந்தோ போனால், பார்வை இரண்டாகத் தெரிந்தால்
- ஒரு கண்ணின் பாவை மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தால் (கண்ணுக்குப் போகும் நரம்பு உள்ளே நசுங்குகிறது என்று பொருள்)
- மூக்கிலோ காதிலோ தெளிந்த நீரோ ரத்தமோ வழிந்தால். அந்த நீர் மூளையைச் சுற்றியிருக்கும் திரவமாக இருக்கலாம். பஞ்சு வைத்து அடைக்காதீர்கள்

கண்ணைச் சுற்றியோ காதுக்குப் பின்னாலோ கருநீலமாகக் கன்றுவது மண்டை ஓட்டின் அடிப்பகுதி உடைந்ததற்கான அடையாளமாக இருக்கலாம். அது தோன்ற ஒரு நாள் கூட ஆகும். கழுத்து வலித்தாலும் அலட்சியம் வேண்டாம்.

சிலருக்கு இந்த அறிகுறிகள் வரும்வரை காத்திருக்கவே கூடாது. 65 வயதைக் கடந்தவர்கள், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், குடித்திருப்பவர்கள், உயரத்திலிருந்தோ மாடிப்படியிலோ விழுந்தவர்கள், வாகனம் மோதி வீசப்பட்டவர்கள் எல்லோரும் நேரே மருத்துவரிடம் போவதே நல்லது. குடித்திருப்பவர் விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அவர் உளறுவதும் தள்ளாடுவதும் போதையாலா காயத்தாலா என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது. போதை என்று நினைத்துத் தூங்கவிட்டு, விடியும்போது எழுப்ப முடியாமல் போன கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

கைக்குழந்தைகள் தலை வலிக்கிறது என்று சொல்ல முடியாது. விடாத அழுகை, பால் குடிக்க மறுப்பது, சுரத்தில்லாமல் கிடப்பது, உச்சிக்குழி புடைத்து விறைப்பாக இருப்பது, தலையின் பக்கவாட்டிலோ பின்பக்கத்திலோ கொழகொழவென்று பெரிய வீக்கம் ஆகியவற்றைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை தலையில் அடிபட விழுந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுவதே பாதுகாப்பு.

## விழுந்த இடத்தில்

ஆள் விழுந்ததும் கைத்தாங்கலாகத் தூக்கி உட்காரவைக்கவே எல்லோருக்கும் கை போகும். அந்தக் கையை நிறுத்துங்கள். தலையில் பலமாக அடிபட்டால் கழுத்தெலும்பும் முறிந்திருக்கலாம். தூக்கும்போது முதுகுத் தண்டு நசுங்கிவிட்டால் வாழ்நாள் முழுக்கக் கை கால் விளங்காமல் போகும். நெருப்பு, ஓடும் வாகனம் போன்ற ஆபத்து பக்கத்தில் இல்லாவிட்டால் அவர் இருக்கும் நிலையிலேயே இருக்கட்டும். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரு கைகளாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, "அசையாதீர்கள், உதவி வருகிறது" என்று பேசிக்கொண்டே இருக்கலாம். அந்தப் பேச்சிலேயே அவர் தெளிவாகப் பதில் சொல்கிறாரா என்பதும் தெரிந்துவிடும்.

மூச்சு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூச்சே இல்லையென்றால் மற்ற கவலைகளை ஒதுக்கிவிட்டு சி.பி.ஆர். எனப்படும் உயிர்மீட்பு முதலுதவியைத் தொடங்க வேண்டும். மூச்சு இருக்கிறது, ஆனால் வாந்தி வருகிறது என்றால் அது மூச்சுக்குழாயில் இறங்காமல் இருக்க உடம்பைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். அப்போது ஒருவர் தலையையும் மற்றவர்கள் தோளையும் இடுப்பையும் பிடித்து, தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி ஒரே நேரத்தில் உருட்டுங்கள். ஹெல்மெட் போட்டிருந்தால் மூச்சுக்குத் தடையாக இருந்தால் ஒழியக் கழற்ற வேண்டாம்.

ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். அந்த இடத்தில் எலும்பு பள்ளமாகவோ நொறுங்கியோ தெரிந்தால் அழுத்தாமல் துணியால் மூடி மட்டும் வையுங்கள். வலிப்பு வந்தால் வாயில் எதையும் திணிக்காதீர்கள். குடிக்கத் தண்ணீர் கொடுக்காதீர்கள். வலிக்கிறது என்று ஆஸ்பிரினோ ஐபுப்ரோஃபெனோ கொடுக்காதீர்கள். அவை ரத்தக்கசிவைக் கூட்டலாம்.

## ஸ்கேன் என்ன சொல்லும், என்ன சொல்லாது

மருத்துவமனையில் முதலில் கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது ஆகிய மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் போடுவார்கள். 1974-இல் கிளாஸ்கோ நகரில் உருவான அளவுகோல் இது. 15 என்றால் முழுத் தெளிவு, 8 அல்லது அதற்குக் கீழே வந்தால் உயிருக்கு ஆபத்து. ஒருமுறை போட்ட எண்ணைவிட, ஒரு மணி நேரம் கழித்து அது ஏறியதா இறங்கியதா என்பதுதான் மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

சி.டி. ஸ்கேன் எலும்பு முறிவையும் ரத்தக்கட்டையும் சில நிமிடங்களில் காட்டிவிடும். சாதாரண எக்ஸ்ரேயில் ரத்தக்கட்டு தெரியாது. மூளை அதிர்ச்சி சி.டி.யிலும் தெரியாது, ஏனென்றால் அங்கே கெட்டிருப்பது செல்லின் வேலை. படத்தில் பதியும் வடிவம் மாறுவதில்லை. "ஸ்கேன் நார்மல்" என்றால் இப்போதைக்கு ரத்தக்கட்டு இல்லை என்றுதான் பொருள். நாளைக்கே ஆட்டத்துக்குப் போகலாம் என்று அதற்குப் பொருள் கிடையாது.

வீட்டுக்கு அனுப்பினால் முதல் 24 மணி நேரம் பொறுப்பான ஒருவர் கூடவே இருக்க வேண்டும். தூங்கவே விடக்கூடாது என்று சொல்வார்கள். மருத்துவர் பார்த்து அனுப்பியிருந்தால், ஆளும் தெளிவாக இருந்தால், தூங்கலாம். மூளைக்குத் தூக்கம் தேவை. இரவில் எழுப்பிப் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் ஒன்றிரண்டு நாள் திரையைக் குறைத்து, கடினமான வேலைகளைத் தள்ளிவைத்து ஓய்வெடுத்தால் போதும். இருட்டறையில் வாரக்கணக்கில் படுத்துக் கிடக்கச் சொன்ன பழைய அறிவுரை இப்போது கைவிடப்பட்டுவிட்டது. அறிகுறிகள் கூடாத அளவுக்கு மெதுவாக நடப்பது நல்லது. பெரியவர்களில் பலர் இரண்டு வாரத்தில் தேறிவிடுவார்கள். குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நான்கு வாரம் வரை ஆகலாம்.

## மைதானத்தில்: இரண்டாவது அடி

ஆற்றல் நெருக்கடியில் தவிக்கும் மூளையில், அது தேறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் என்ன ஆகும்? அறிகுறிகள் பல மடங்கு நீளலாம். அரிதாக, முக்கியமாகச் சிறுவர்களிடமும் இளைஞர்களிடமும், மூளை வேகமாக வீங்கிச் சில நிமிடங்களில் உயிர் போகும் நிலை வருகிறது. அந்த இரண்டாவது அடி பலமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் தலையில் அடிபட்ட அதே ஆட்டத்தில் மறுபடி இறக்கப்பட்டு, மூளையில் ரத்தம் கசிந்து நிரந்தரமாக ஊனமுற்றான். அதையடுத்து, சந்தேகம் இருந்தாலே சிறுவர்களை ஆட்டத்திலிருந்து வெளியேற்ற வேண்டும், மருத்துவ அனுமதி இல்லாமல் திரும்ப இறக்கக் கூடாது என்று அந்த மாநிலம் 2009-இல் சட்டமே போட்டது.

பெரிய ஆட்டங்களிலும் இதைக் கணிப்பது எளிதல்ல. 2019 ஆகஸ்டில் லண்டனின் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் ஜோஃப்ரா ஆர்ச்சர் வீசிய பவுன்சர் ஆஸ்திரேலிய மட்டையாளர் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. அவர் வெளியே போனார், பரிசோதனைகளில் தேறினார், திரும்பி வந்து ஆடினார். அறிகுறிகள் மறுநாள் காலையில்தான் தெரிந்தன. அதே மாதம் நடைமுறைக்கு வந்திருந்த புதிய விதியின்படி அவருக்குப் பதிலாக மார்னஸ் லபுஷேன் இறங்கினார். டெஸ்ட் கிரிக்கெட்டில் மூளை அதிர்ச்சிக்கான முதல் மாற்று வீரர் அவர். மருத்துவர்கள் அருகிலேயே இருக்கும் இடத்தில் இப்படியென்றால், பள்ளி மைதானத்தில் ஐந்து நிமிடம் உட்கார வைத்துவிட்டு "இப்போ ஓகேயா?" என்று கேட்டு இறக்குவது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்.

பயிற்சியாளருக்கு வேண்டியது ஒரு எளிய விதி: சந்தேகம் வந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. எந்த அணியோடு ஆடுகிறோம், கடைசி கோல் யார் போட்டது, போன ஆட்டத்தில் ஜெயித்தோமா தோற்றோமா என்று கேட்டுப் பாருங்கள். பதிலில் தடுமாற்றம் இருந்தால் சந்தேகம் உறுதி. சரியாகச் சொல்லிவிட்டால் ஒன்றுமில்லை என்று முடிவுகட்டவும் கூடாது. வீரர்கள் மறைப்பார்கள், அதுவும் அணியில் இடம் போய்விடும் என்ற பயம் இருந்தால் கண்டிப்பாக மறைப்பார்கள். நடை, மெதுவோட்டம், விளையாட்டுக்குரிய பயிற்சி, கடினப் பயிற்சி, மோதல் உள்ள பயிற்சி, அப்புறம் ஆட்டம் என்று படிப்படியாகத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். தலைவலி திரும்பினால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். மோதல் உள்ள கட்டத்துக்கு முன் மருத்துவர் அனுமதி கட்டாயம்.

## ஹெல்மெட் எப்படி வேலை செய்கிறது

ஹெல்மெட்டின் வெளி ஓட்டைத்தான் எல்லோரும் தட்டிப் பார்த்து வாங்குகிறார்கள். உயிரைக் காப்பதில் பெரும்பங்கு உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற நுரைக்கு. மோதும்போது அது நசுங்குகிறது. நசுங்க எடுத்துக்கொள்ளும் சில மில்லி விநாடிகளில் தலை சற்று மெதுவாக நிற்கிறது. ஓட்டுநர் சட்டென்று பிரேக் போடாமல் கொஞ்சம் முன்னாலேயே போடுவதுபோல. மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களிடம் ஹெல்மெட் தலைக்காயத்தைச் சுமார் 69 சதவீதமும் உயிரிழப்பைச் சுமார் 42 சதவீதமும் குறைப்பதாகப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரியவந்திருக்கிறது.

நசுங்கிய நுரை திரும்ப எழும்பாது. ஒரு விபத்தில் பட்ட ஹெல்மெட் பார்க்கப் புதிதுபோல இருந்தாலும் அதன் வேலை முடிந்துவிட்டது, மாற்றிவிட வேண்டும். அளவும் முக்கியம். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அளவில் விளிம்பு இருக்க வேண்டும், பின்னுக்குச் சாய்ந்து நெற்றி முழுக்கத் தெரியக் கூடாது. வாரை மாட்டிய பிறகு தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒன்றிரண்டு விரல் மட்டுமே நுழைய வேண்டும். அப்புறம் பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னால் உருட்டிப் பாருங்கள். கழன்று வந்தால் விபத்திலும் கழன்றுதான் போகும். வாரை மாட்டாத ஹெல்மெட் முதல் மோதலிலேயே பறந்துவிடும்.

ஹெல்மெட்டுக்கும் எல்லை உண்டு. மண்டை உடைவதை அது நன்றாகத் தடுக்கும். தலை சுழல்வதை அந்த அளவுக்குத் தடுக்காது. ஆகவே மூளை அதிர்ச்சி ஹெல்மெட்டோடும் வரும். 2014 நவம்பரில் சிட்னியில் ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் ஃபிலிப் ஹியூஸ் ஹெல்மெட் அணிந்துதான் ஆடினார். பந்து அதற்குக் கீழே கழுத்தில் பட்டு, மூளைக்குப் போகும் தமனி கிழிந்தது. இரண்டு நாளில் இறந்தார். கழுத்தையும் மறைக்கும் பாதுகாப்புப் பட்டை அதற்குப் பிறகே பரவலானது. ஆனால் எல்லை இருக்கிறது என்பதற்காகக் கழற்றி வைப்பதற்கில்லை. 1998 பிப்ரவரியில் டாக்காவில் இந்திய கிரிக்கெட் வீரர் ரமன் லம்பா மட்டையாளருக்கு மிக அருகில் ஹெல்மெட் இல்லாமல் பீல்டிங் செய்தார். ஓவரில் இன்னும் சில பந்துகளே பாக்கி என்று ஹெல்மெட்டை வரவழைக்கவில்லை. பந்து தலையில் பட்டது. தானே நடந்துதான் மைதானத்தை விட்டு வெளியேறினார். மூன்று நாள் கழித்து இறந்துபோனார்.

## வீட்டுக்குள்

சாலையையும் மைதானத்தையும் பற்றிப் பேசுகிற அளவுக்கு யாரும் குளியலறையைப் பற்றிப் பேசுவதில்லை. சிறு குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் தலைக்காயம் வரும் முதல் வழி கீழே விழுவதுதான், அதுவும் பெரும்பாலும் வீட்டிலேயே.

குழந்தையைக் கட்டிலிலோ மேசையிலோ படுக்க வைத்துவிட்டு ஒரு நொடி திரும்பக் கூடாது. முதன்முதலாக அது புரளப்போகும் நாள் எது என்று யாருக்கும் தெரியாது. சக்கரம் வைத்த நடைவண்டிக்குள் உட்காரவைத்த குழந்தை, நீங்கள் எட்டிப் பிடிப்பதற்குள் படிக்கட்டை அடைந்துவிடும். அவ்வகை நடைவண்டிகளைக் கனடா 2004-இல் தடை செய்தது. ஜன்னலுக்கும் பால்கனிக்கும் கம்பி, படிக்கட்டுக்குத் தடுப்பு, பெரிய டிவியையும் அலமாரியையும் சுவரோடு பிணைப்பது எல்லாம் ஒரு நாளில் முடிந்துவிடும் வேலைகள்.

முதியவர்களுக்கு வழுக்காத தரை, கழிப்பறையில் பிடித்து எழக் கைப்பிடி, இரவில் படுக்கையிலிருந்து கழிப்பறை வரை மங்கலான விளக்கு, படிக்கட்டில் இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும். சுருளும் மிதியடியும் தரையில் கிடக்கும் ஒயரும் வேண்டாம். பார்வையை வருடத்துக்கு ஒரு முறை பரிசோதியுங்கள். தலைசுற்ற வைக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். லேசாக விழுந்தாலும், எங்கேனும் இடித்துக்கொண்டாலும், அந்தத் தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து நடையோ பேச்சோ மாறினால், மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது அந்தத் தேதியைத்தான். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.